துரைமார் சறுக்கிய ஊர்

"பாண்டிச்சேரி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். பதிலுக்கு முன்னால் ஒரு பார்வை வரும். ஆரோவில், அன்னை சமாதி, மணக்குள விநாயகர் என்று எத்தனை புண்ணியப் பெயர்களை அடுக்கினாலும் அந்தப் பார்வை இளகாது. "பிள்ளையாரைப் பார்க்க எதுக்கு நாலு ஃப்ரெண்ட்ஸு, ஒரு இன்னோவா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி ஜெயித்த கணவர் தமிழ்நாட்டில் கிடையாது.

சந்தேகப்படும் அம்மணிகளுக்கு ஒரு தகவல். இந்தக் கெட்ட பெயர் நேற்று வந்ததில்லை. ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற மீசைக்கார பிரிகேடியர், அப்போதைய தொல்லியல் துறைத் தலைவர், அங்கே ஆள் வைத்துத் தோண்டினார். சாம்ராஜ்யங்களின் ரகசியம் கிடைக்கும் என்று பார்த்தால், வந்தது என்ன? மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த மது ஜாடிகளின் உடைந்த துண்டுகள்! கிரேக்க மாலுமி ஒருவன் எழுதி வைத்த பழைய கடல்வழிக் குறிப்பில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்கிறார்கள். அன்றைக்கு ரோமாபுரியிலிருந்து சரக்கு ஆட்களைத் தேடி வந்தது. இன்றைக்குச் சேலத்திலிருந்து ஆட்கள் சரக்கைத் தேடி வருகிறார்கள். இரண்டாயிரம் வருஷத்தில் இவ்வளவுதான் முன்னேற்றம்.

சரி, துறைமுகப் பட்டணம் என்கிறோமே, துறைமுகம் எங்கே? அங்கேதான் தமாஷ். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் கப்பல் கரைக்கு வரவே வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைவரை, அலைக்கு நடுவே, உள்ளூர்ப் படகுக்காரர்கள்தான் சலங்கு என்ற படகில் ஏற்றிக் கொண்டு வருவார்கள். பிரான்சில் பதினைந்தாம் லூயி கையெழுத்துப் போட்டு அனுப்பிய கவர்னர் துரை, பொய்முடியும் பட்டுக் கோட்டும் அணிந்து மாதக்கணக்கில் கடல் தாண்டி வந்து, கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு ஒரு குப்பத்து ஆளின் தயவில் உட்கார்ந்திருப்பார். ராஜதந்திரத்தில் இது முதல் பாடம். துரைமார் யாரும் கற்றுக்கொள்ளவில்லை.

இந்த ஊர்ச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிய திட்டத்தோடு வந்தவர்கள் எல்லாம் சறுக்கினார்கள். இரண்டு மொழிக்கும் நடுவே நின்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் பிரான்சுவா மார்ட்டின். 1674. பீஜப்பூர் சுல்தானின் ஆளாக வாலிகண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடியிடம் இடம் வாங்கி, கொஞ்சம் ஆட்களோடு கடை விரித்தார். மூன்றே வருஷத்தில் சிவாஜி மகாராஜா வந்து ஷேர்கானைத் துரத்திவிட்டார். மார்ட்டின் பதறவில்லை. புது ராஜாவுக்குப் புது அன்பளிப்பு, பழைய கடை அப்படியே. நல்ல வியாபாரி.

ஆனால் 1693இல் டச்சுக்காரர்கள் பீரங்கியோடு வந்து ஊரையே பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. கோட்டையைப் பலப்படுத்தினார்கள், ஸ்கேல் வைத்து வீதிகளுக்குக் கோடு போட்டார்கள். ஐரோப்பாவில் சமாதானம் பேசி ஊரைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தபோது, "நாங்க செலவு பண்ணியிருக்கோமே" என்று பிரெஞ்சுக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்கள். வீட்டைக் காலி செய்கிற அன்று, ஃபேன் நான் மாட்டினது, கொசுவலை நான் அடிச்சது என்று கணக்குக் கொடுக்கும் குடித்தனக்காரர் எல்லா நாட்டிலும் இருக்கிறார். ஆக, வொயிட் டவுனில் நேரான வீதியில் சைக்கிளைச் சாய்த்து, "பிரெஞ்சு அழகியல்" என்று இன்ஸ்டாவில் போடுகிறோமே, அந்தக் கோடு ஹாலந்துக்காரன் போட்டது.

அடுத்து துமா என்ற கவர்னர். 1740இல் மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைப் போரில் கொன்றுவிட்டார். நவாபின் குடும்பம் நகைநட்டோடு பாண்டிச்சேரிக்குள் வந்து ஒளிந்துகொண்டது. "அவர்களைக் கொடு, கப்பமும் கொடு" என்று ரகோஜி மிரட்டினார். துமா முடியாது என்றார். போர் மூளப் போகிறதா? பழைய சரித்திரப் புத்தகங்கள் சொல்லும் கதை வேறு. வந்த தூதரிடம் துமா சில புட்டி பிரெஞ்சு மதுவைப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார். அது ரகோஜியின் அந்தப்புரத்துக்குப் போயிற்று. அந்த அம்மாளுக்கு ருசி பிடித்துப்போய், இன்னும் வேண்டும் என்றார். துமா இன்னும் கொஞ்சம் அனுப்பினார். படையெடுப்பு கைவிடப்பட்டது! அந்த மராட்டியச் சேனைக்கு வேறு நூறு வேலை இருந்தது என்று கறார் பேராசிரியர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பாண்டிச்சேரியைக் காப்பாற்றியது கோட்டையா குவார்ட்டரா என்று ஊருக்குள் ஓட்டெடுத்தால் முடிவு என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது நம் ஹீரோ. ஜோசப் பிரான்சுவா டூப்ளே. 1742இல் கவர்னர். பள்ளிக்கூடப் பாடத்தில் 'இந்தியாவில் ஐரோப்பிய சாம்ராஜ்யம் என்ற யோசனையையே முதலில் கண்டவர்' என்று வருவாரே, அவர். யோசனை அவருடையது. அதைக் காப்பியடித்துப் பாஸ் ஆனது இங்கிலீஷ்காரன்.

டூப்ளேக்கும் மற்றவர்களுக்கும் ஒத்துப்போகாது. முக்கியமாகத் தன் கட்சிக்காரர்களோடு. 1746இல் லா பூர்தொனே என்ற கடற்படைத் தளபதி சென்னைப் பட்டணத்தையே ஆங்கிலேயரிடமிருந்து பிடித்துக் கொடுத்தார். கட்டித் தழுவிப் பாராட்ட வேண்டாமா? பணம் வாங்கிக்கொண்டு பட்டணத்தைத் திருப்பித் தருவதாக அவர் ஒப்புக்கொள்ள, டூப்ளே கூடாது என்று மல்லுக்கு நிற்க, இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதே அக்டோபர் புயல் வந்து லா பூர்தொனேயின் கப்பல்களை நொறுக்கிவிட்டது. தளபதி ஊர் திரும்பியதும் அவரைப் பிடித்து பாஸ்டீல் சிறையில் போட்டார்கள். சென்னையைப் பிடித்ததற்குக் கிடைத்த சன்மானம் ஜெயில். பின்னாளில் பாண்டிச்சேரியில் ஒரு வீதிக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

டூப்ளேக்கு ஒரு ரகசிய ஆயுதம் இருந்தது. மனைவி ழான். பாண்டிச்சேரியிலேயே பிறந்தவர், ஏராளமான பிள்ளைகளைப் பெற்ற விதவை, டூப்ளேயை இரண்டாவதாக மணந்தவர். அவருக்குத் தமிழ் தெரியும். கவர்னருக்குத் தெரியாது. அதிகாரம் யார் கையில் இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? நவாபுகளும் பாளையக்காரர்களும் அம்மையாரை 'ஜோன்னா பேகம்' என்றே கூப்பிட்டார்கள். ஒற்றர்கள், கடிதங்கள், சிபாரிசுகள் என்று வீட்டுக்குள்ளேயே ஒரு தனி வெளியுறவுத் துறை நடந்தது.

இதையெல்லாம் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் ஒருவர் குறித்துக்கொண்டே வந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து இங்கே வந்து வியாபாரத்தில் காசு பார்த்து, கவர்னருக்குத் தலைமை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, உயர்ந்தவர். 1736 முதல் 1761இல் சாகிற வரைக்கும் தமிழில் டைரி எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் பன்னிரண்டு தொகுதி! நம்மில் பலர் ஜனவரி நாலாம் தேதியோடு டைரியை நிறுத்துகிற ஜாதி என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ன எழுதவில்லை அவர்? கப்பல் வந்தது, துணி மூட்டை போனது, யார் யாருக்கு எவ்வளவு லஞ்சம், யார் வீட்டுக் கல்யாணம், கவர்னர் எப்போது முகம் சுளித்தார், எல்லாம் உண்டு. அம்மையாரைக் கண்டால் பிள்ளைக்கு ஆகாது. அந்த அம்மாவின் பேராசை பற்றி எழுதும்போது பேனா தானாகவே வேகமெடுக்கும். தன்னைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனா குழையும். கவர்னர் வாயால் பிள்ளைக்குக் கிடைக்கும் பாராட்டுகள் டைரியில் பத்தி பத்தியாக வருகின்றன. டூப்ளே பிரெஞ்சில் என்ன சொன்னாரோ, நமக்குத் தெரிவது பிள்ளை தமிழில் கேட்டதுதான். தன்னைப் பற்றிய சர்டிபிகேட்டைத் தானே மொழிபெயர்த்துக்கொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆனால் 1748 செப்டம்பரில், ஆங்கிலேய முற்றுகைக்கு நடுவே, வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதிய பக்கங்களில் சிரிக்க எதுவுமே இல்லை. படித்துவிட்டுப் பேசாமல் அடுத்த பக்கம் புரட்ட வேண்டியதுதான்.

அந்த முற்றுகையில் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் தோற்றுப் போனதும் டூப்ளேக்குத் தலைகால் புரியவில்லை. 1750 கடைசியில் நிஜாம் நாசர் ஜங் செஞ்சிப் பக்கம் கொல்லப்பட, டூப்ளேயின் ஆளான முசாபர் ஜங் நிஜாம் ஆனார். பாண்டிச்சேரியில் பெரிய தர்பார். டூப்ளே முகலாய அமீரின் உடையில் வந்து உட்கார்ந்தார்! கிருஷ்ணா நதிக்குத் தெற்கே எல்லாம் உங்கள் பார்வையில் என்று பட்டம் கிடைத்தது. ஒரு பட்டம் போதுமா? நாசர் ஜங் விழுந்த இடத்தில் ஒரு ஊர் எழுப்பி, 'டூப்ளே பதேகாபாத்' என்று தன் பெயரையே வைத்தார். இப்போது மந்திரிமார் பஸ் ஸ்டாப் நிழற்குடையில் பெயர் போடுவதைக் கிண்டல் செய்கிறோம். அவர்களுக்கு முன்னோடி பெரிய ஆள்.

முசாபர் ஜங் சில வாரங்களிலேயே ஒரு கலகத்தில் இறந்தார். 1752இல் ராபர்ட் கிளைவ் அந்தப் பக்கமாகப் போனவர், பதேகாபாத்தைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார். 1754இல் பாரிசிலிருந்து கோதே என்பவர் கப்பலில் வந்து இறங்கி, "நீங்க ஊருக்குக் கிளம்பலாம்" என்ற உத்தரவை டூப்ளே கையில் கொடுத்தார். போருக்குச் சொந்தக் காசைப் போட்டிருந்த மனுஷன், அதைப் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கேட்டுக் கேட்டே ஓய்ந்து, 1763இல் கடனாளியாகச் செத்தார். டிராவல் அலவன்ஸ் பில் சாங்ஷன் ஆகாத அரசு ஊழியர்கள் பீச் ரோட்டின் தெற்கு முனைக்குப் போனால், நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் டூப்ளே சிலைக்கு ஒரு சல்யூட் வைக்கலாம். உங்கள் குலதெய்வம் அவர்தான்.

அப்புறம் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி வந்தார். கோபக்காரர். எல்லோரையும் திட்டினார், வந்தவாசியில் 1760இல் தோற்றார், அடுத்த ஜனவரி 16இல் ஊரையே ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அதற்கு நாலு நாள் முன்னதாக ஆனந்தரங்கப் பிள்ளை காலமாகிவிட்டார். எப்போது கிளம்ப வேண்டும் என்று துபாஷிகளுக்குத் தெரியும். ஆங்கிலேயர் ஊரை இடித்துக் குவித்தார்கள். 1766இல் பாரிசில் பிரெஞ்சுக்காரர்களே லாலியின் தலையை எடுத்தார்கள். தலை இருக்கும்வரை பேசிக்கொண்டே இருப்பார் என்று பயந்து, வாயில் துணி அடைத்துக் கூட்டிப் போனார்கள்.

ஆனால் இந்த ஊரில் சறுக்கியவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால், தலைவர் பதவி டூப்ளேக்கும் கிடையாது, லாலிக்கும் கிடையாது. போட்டியின்றித் தேர்வாகிறவர் கியோம் லெ ஜான்டி என்ற வானியல்காரர்.

சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் கடப்பதை அளந்தால் சூரியன் எத்தனை தூரம் என்று கணக்குப் போடலாம். 1761 ஜூன் 6 அன்று அது நடக்கப் போகிறது, பாண்டிச்சேரியிலிருந்து நன்றாகத் தெரியும். மனுஷன் 1760இலேயே பிரான்சிலிருந்து கிளம்பிவிட்டார். அடுத்த வருஷம் மே மாதம் மலபார் கரையை நெருங்கும்போது செய்தி வருகிறது, பாண்டிச்சேரி எதிரி கையில்! கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று நடுக்கடலில் இருந்தார். வானம் சுத்தம். கப்பல்தான் ஆடிக்கொண்டே இருந்தது. ஆடுகிற பலகையில் நின்று எதை அளப்பது?

எட்டு வருஷத்தில் இன்னொரு முறை கடக்கும். அதைவிட்டால் நூறு வருஷத்துக்கு மேல். சரி, காத்திருப்போம் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். மணிலாவுக்குப் போனார். அங்கே ஸ்பானிய கவர்னர் இவரை வேவுக்காரர் என்று சந்தேகப்பட்டார். அதற்குள் பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பியிருந்ததால் 1768இல் இங்கே வந்து, இடிந்த கோட்டையின் மேலேயே ஒரு நோக்குக்கூடம் கட்டிக்கொண்டார். ஊரை இடித்த ஆங்கிலேயர்களே சென்னையிலிருந்து ஒரு தொலைநோக்கியை இரவல் கொடுத்தார்கள். என்ன பெருந்தன்மை! வாரக்கணக்கில் காலை வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. 1769 ஜூன் 4 விடியற்காலை. மேகம். வெள்ளி சூரியனைக் கடந்து முடித்துச் சற்று நேரம் ஆனதும் மேகம் விலகி, பளீரென்று வெயில் அடித்தது. விட்டுவிட்டு வந்த மணிலாவில் அன்றைக்கு வானம் படு சுத்தம்.

வயிற்றுப்போக்கில் நொந்து, 1771இல் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தால், ஆள் செத்துவிட்டார் என்று முடிவு கட்டி உறவுக்காரர்கள் சொத்துப் பங்கில் இறங்கியிருந்தார்கள். பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. மனைவி மறுமணம் செய்துகொண்டதாகவும் கதை சுற்றுகிறது. நம்பாதீர்கள், அவருக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

இந்த ஊரில் இருந்தபோது அவர் உருப்படியாக ஒன்று செய்தார். நம்ம ஊர் சோதிடக் கணக்கரிடம் பஞ்சாங்கம் கற்றுக்கொண்டார். காகிதம் இல்லை, மை இல்லை, சோழியைத் தரையில் பரப்பி கிரகணம் கணிக்கிறார்கள்! சோதித்துப் பார்த்தார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 விநாடி பிசகியது. ஐரோப்பாவின் பெரிய வாய்ப்பாடு 68 விநாடி பிசகியது. இதை மறைக்காமல் எழுதி வைத்தார் லெ ஜான்டி. இத்தனை அடி வாங்கியும் பொறாமைப்படாத மனுஷனுக்கு இந்த ஊரில் ஒரு முட்டுச்சந்துக்காவது பெயர் வைத்திருக்கலாம்.

யாருக்கு எது கிடைக்கும் என்பதில் பாண்டிச்சேரிக்குத் தனி நியாயம் உண்டு. பாரதி பூங்கா நடுவில் வெள்ளையாக நிற்கிறதே, ஆயி மண்டபம், அதன் கதையைக் கேளுங்கள். கிருஷ்ணதேவராயர் ஒரு மாலையில் இந்தப் பக்கம் வந்தபோது, தீபங்கள் ஜொலிக்கும் ஒரு கட்டடத்தைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு. கூட இருந்தவர்கள் மெதுவாக விஷயத்தைச் சொல்ல, ராயருக்கு அவமானம். இடித்துத் தள்ளு என்றார். தப்புப் பண்ணினது ராஜா, தண்டனை வீட்டுக்கு! நானே இடித்துக்கொள்கிறேன் என்று கெஞ்சி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் ஆயி.

இது ஊர் சொல்லும் கதை. பிறகு நடந்தது சரித்திரம். கடலோரத்தில் குடிநீருக்குத் திண்டாடிய பிரெஞ்சுக்காரர்கள் முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டு வந்தார்கள். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அதற்கு மண்டபம் எழும்பி, ஆயி பெயர் நிலைத்தது. இன்றைக்கு அந்த மண்டபம்தான் புதுச்சேரி அரசின் சின்னம். சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, கலெக்டர் கடிதம், எல்லாவற்றின் தலையிலும் ஆயி. கவர்னர்கள் சிலையாகக் கடற்காற்றில் நிற்க, தாசி அரசாங்க முத்திரையாகிவிட்டாள். கிருஷ்ணதேவராயர் கும்பிட்டதில் தப்பே இல்லை என்று ஆகிவிட்டது.

ஊருக்குச் செருப்பிலும் ஒரு சரித்திரம் உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்த பெரிய கவுரவங்களில் ஒன்று, செருப்பைக் கழற்றாமலே கவர்னர் மாளிகைக்குள் போகலாம் என்பது. நூற்று இருபது வருஷம் கழித்து, 1873இல், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குள் போனார். கழற்று என்றார்கள். மறுத்தார். அபராதம். விடுவாரா? வழக்கைப் பாரிஸ் உச்ச நீதிமன்றம்வரை கொண்டு போய் ஜெயித்தார். பிறகு பிரெஞ்சு முறையில் 'லாபோர்த்' என்று குடும்பப் பெயரே வைத்துக்கொண்டார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று கட்டடம் கட்டடமாக எழுதி வைத்தவர்களுக்கு, அது காலுக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு தமிழ் வக்கீல் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

1908இல் பாரதியார் இங்கே அடைக்கலம் வந்தார். 1910இல் அரவிந்தர், அப்புறம் வ.வே.சு. ஐயர். பின்னாலேயே பிரிட்டிஷ் ஒற்றர்கள். பாரதியைப் பின்தொடர்ந்தவனுக்காவது கவிதை காதில் விழுந்திருக்கும். அரவிந்தருக்கு நியமிக்கப்பட்டவன் பாவம். அவர் தியானத்தில் உட்கார்ந்துவிட்டார். தியானம் செய்பவரை வேவு பார்த்து என்னதான் ரிப்போர்ட் எழுதுவது?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பென்ஷன் வாங்கும் 'சொல்தா'க்களின் வீடுகள் இன்றும் உண்டு. பிரான்ஸ் ஜனாதிபதித் தேர்தலுக்கு இங்கே ஓட்டுப் போடும் தமிழர்கள் உண்டு. சாயந்திரம் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் ஆடுவார்கள். போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியோடு பிரெஞ்சு சினிமாவில் வருகிற மாதிரி நிற்பார். ஹெல்மெட் எங்கே என்று கேட்கும்போதுதான் அசல் தமிழ் வெளியே வரும்.

பீச்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் டூரிஸ்டுகள் கோபித்துக்கொள்வார்கள். துறைமுகம் இல்லாத துறைமுகப் பட்டணம் என்ற குறையைத் தீர்க்க, 1980களில் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கேயிருந்து வடக்கே கடல் சுமந்து போகும் மணல் சுவரில் மாட்டிக்கொண்டது. ஊருக்கு முன்னால் இருந்த கடற்கரை சில வருஷங்களில் காணாமல் போயிற்று. பாறாங்கல்லைக் கொட்டி ரோட்டைக் காப்பாற்றினார்கள். பிறகு செயற்கைத் திட்டு ஒன்றைக் கடலுக்குள் இறக்கியதில் தலைமைச் செயலகம் எதிரே கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. துறைமுகம் வாங்கப் போய் பீச்சைத் தொலைத்த விஷயத்தில் பிரெஞ்சுக்காரனைக் குறை சொல்ல முடியாது. இது நம் சொந்தச் சாதனை.

அந்தக் கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் யார் பெயர் தெரியுமா? எதுவார் குபேர். பிரெஞ்சிந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக்குப் பெரிய தூணாக நின்றவர். 1954 மார்ச்சில் ஒருநாள் தூண் இடம் மாறியது. இந்தியாவோடு இணைய வேண்டும் என்று அறிவித்து, நெட்டப்பாக்கம் போய் அங்கே தற்காலிக அரசாங்கமே அமைத்துவிட்டார். 1963இல் யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சரும் ஆனார். பிறகு பாண்டிச்சேரி அரசியலில் கட்சி தாவுவது அடிக்கடி நடக்கிறது என்று பத்திரிகைகள் அங்கலாய்க்கும்போது எனக்கு ஆச்சரியமே வருவதில்லை. முதல்வர் போட்ட பாதை, மெயின் ரோடாகவே இருக்கிறது.

இணைப்புக்கான ஓட்டெடுப்பு 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் கிராமத்தில் நடந்தது. ஓட்டுப் போட்ட பிரதிநிதிகள் 178 பேர். 170 பேர் இந்தியா, 8 பேர் மாட்டேன் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படி கையெழுத்து முடிந்து பிரெஞ்சு நாடாளுமன்றம் தலையாட்ட எட்டு வருஷம் ஆகி, 1962 ஆகஸ்ட் 16 வந்துவிட்டது.

அதனால் புதுச்சேரிக்கு நவம்பர் 1 ஒரு லீவு, ஆகஸ்ட் 16 இன்னொரு லீவு. ஆகஸ்ட் 15 எல்லோருக்கும் உள்ளது, அது தனி. பாரிஸ் காட்டிய அந்தத் தாமதத்தைப் பற்றி உள்ளூர் அரசு ஊழியர் யாரும் இன்றுவரை புகார் சொன்னதில்லை. நீங்கள் ஆகஸ்ட் மாதம் அந்த வாரம் போவதாக இருந்தால் ரூமை முன்னாலேயே புக் பண்ணிவிடுங்கள்.